எம்.ஆர்.ஐ. இயல்பாக இருந்தும் பார்க்கின்சன் நோய் என்கிறார்களே: நோயறிதலும் மருந்தும் குறித்து ஒரு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம் இது. 63 வயதான தந்தைக்கு ஓராண்டாக வலது தோளில் வலியும் இறுக்கமும் இருந்தன. எலும்பு மருத்துவர் தோள்மூட்டு இறுக்கம் என்று சிகிச்சை அளித்தார். பிறகு நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்குவதையும் கையெழுத்து சிறுத்துப்போனதையும் வீட்டார் கவனித்தனர். நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டுப் பார்க்கின்சன் நோய் என்கிறார். நடுக்கம் இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இயல்பாகவே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக வாயுத் தொல்லைக்கு மாத்திரை சாப்பிட்டு வரும் அவர், ஒரு மாதமாகப் பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மாத்திரையும் சாப்பிடுகிறார். சில நாள் பலன் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை இல்லையா, இந்த மருந்தை இவ்வளவு சீக்கிரம் தொடங்கியது சரியா, பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டு செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுக்கமே இல்லாமலும் பார்க்கின்சன் நோய் வரும். நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தொடக்கத்தில் நடுக்கம் இருப்பதில்லை. எம்.ஆர்.ஐ. இயல்பாக இருப்பதும் அந்த நோயறிதலுக்கு எதிரான சான்று அன்று. மூளையில் பழைய பக்கவாதத் தழும்போ கட்டியோ நீர்த்தேக்கமோ இல்லை என்று தெரிந்துகொள்ளவே பெரும்பாலும் அந்த ஸ்கேன் எடுக்கப்படுகிறது. மருத்துவர் உங்கள் தந்தையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் தட்டச் சொல்லியும், மணிக்கட்டை மடக்கிச் சுழற்றியும், நடந்து திரும்பச் சொல்லியும் முடிவுக்கு வந்திருப்பார். பார்ப்பவர்களுக்கு அது அவசர முடிவாகத் தோன்றலாம். ஆனால் இன்றுவரை உலகெங்கும் இந்த நோய் அப்படித்தான் கண்டறியப்படுகிறது. அவ்வாறு கிடைக்கும் விடை ஒரே நாளில் இறுதியாகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நோய் நடந்துகொள்ளும் விதமும், மருந்துக்கு உடல் தரும் பதிலும் சேர்ந்துதான் அதை உறுதிப்படுத்துகின்றன, அல்லது திருத்துகின்றன. உங்களுடைய எல்லாக் கேள்விகளுக்குமான விடை இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கிறது.

லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்தபோது அவர் முன்வைத்தது வெறும் ஆறு பேரின் நிலையை மட்டுமே. அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டு கவனித்தார். நடை, குனிந்த உடல், ஓய்விலிருக்கும் கையின் நடுக்கம் ஆகியவற்றைக் கண்ணால் கண்டதே அவருக்குச் சான்றாயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் பாரிஸில் ஜான் மார்ட்டின் சார்கோ, நோயாளியின் சிக்கல் தசை பலவீனம் அன்று, அசைவின் மந்தமே என்பதைப் பிரித்துக் காட்டினார். நடுக்கம் இல்லாத நோயாளிகளும் உண்டு என்றார். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையும் வழங்கினார். இன்றைய மருத்துவர் கையாளும் முறை, கூர்மை கூடியிருந்தாலும், அடிப்படையில் அந்த இருவரின் முறையே.

மூளையின் நடுப்பகுதியில் கருநிறமாகத் தோன்றும் ஒரு சிறு திட்டில் உள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்த அசைவு சரியான வீச்சோடும் வேகத்தோடும் நிகழ அது தேவை. பார்க்கின்சன் நோயில் இந்த அணுக்கள் மெல்ல அழிகின்றன. எஞ்சியிருக்கும் அணுக்களுக்குள் ஆல்பா சைனுக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து திரண்டு கிடக்கிறது. கை மந்தமாவதை வீட்டார் கவனிக்கும் நாளில், அந்த அணுக்களில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். எஞ்சியவை கூடுதலாக உழைத்து அந்த இழப்பைப் பல ஆண்டுகள் மறைத்துவிடுகின்றன. நோயறிதலின் முதற்பெரும் இடர் இதுவே: வெளியே தெரியும்போது நோய் புதியதாக இருப்பதில்லை.

ஆனால் அது முழுக்க ஓசையின்றி வந்திருக்காது. கை கால் அசைவில் எதுவும் தெரியாத காலத்திலேயே பலருக்கு மோப்பம் குறைகிறது, நீங்காத மலச்சிக்கல் வருகிறது, மனச்சோர்வு தலைகாட்டுகிறது. கனவு காணும் உறக்கத்தில் எல்லோருடைய தசைகளும் தளர்ந்து கிடக்க வேண்டும். இவர்களுள் சிலர் கனவில் அடிப்பதை உண்மையிலேயே கையை வீசி அடிக்கிறார்கள், கத்துகிறார்கள், கட்டிலிலிருந்து விழுகிறார்கள். உங்கள் தாயிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ரசம் கொதிக்கும் மணமோ காபித்தூளின் மணமோ அப்பாவுக்குத் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். வயதானால் இப்படித்தான் என்று ஒதுக்கப்பட்ட இந்தச் செய்திகள் மருத்துவருக்கு மிகுந்த பயன் தருபவை. ஆனாலும் பெரும்பாலான குடும்பங்கள் அவற்றைச் சொல்வதில்லை, பல மருத்துவர்கள் கேட்பதுமில்லை.

தோள்வலியில் தொடங்கியதும் புதுமையன்று. ஒரு கை அசைவு குறைந்து விறைக்கும்போது அந்தத் தோள்மூட்டு இறுகிப்போகிறது. அதனால் நோயாளி முதலில் எலும்பு மருத்துவரிடம்தான் செல்கிறார். அங்கே கழியும் மாதங்கள் யாருடைய கவனக்குறைவாலும் கழிவதாகச் சொல்ல முடியாது. தோளை மட்டும் பார்த்தால் அது தோள் நோயாகவே தெரியும். கை வீசாததையும் எழுத்து சிறுத்ததையும் தோளோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் படம் மாறியது.

2015இல் பன்னாட்டு அசைவுக் கோளாறு மருத்துவர் சங்கம் வகுத்த அளவுகோலின்படி அசைவு மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு விறைப்போ, ஓய்வுநிலை நடுக்கமோ, இவற்றுள் ஒன்றாவது சேர வேண்டும். அசைவு மந்தம் என்பது வெறுமனே மெதுவாகச் செய்வது அன்று. விரலைத் திரும்பத் திரும்பத் தட்டும்போது வீச்சு படிப்படியாகக் குறைந்து, இடையே தடுமாறி, சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. மூட்டுவலி உள்ளவரும் மெதுவாகத் தட்டுவார், ஆனால் அவருடைய வீச்சு இப்படிச் சுருங்கிக்கொண்டே போகாது. வரியின் தொடக்கத்தில் இயல்பாக இருந்து முடிவில் பொடி எழுத்தாகும் கையெழுத்தும் இதே குறையின் வேறு வடிவம். இந்நோய் ஒரு பக்கத்தில் தொடங்கி, பின்னர் மறுபக்கத்துக்குப் பரவினாலும் தொடங்கிய பக்கத்திலேயே கூடுதலாக நிற்கும். உங்கள் தந்தைக்கு எல்லாம் வலப்பக்கமாக இருப்பது நோயறிதலுக்கு வலுச் சேர்க்கிறது.

ஆயினும் பிழை நேர்வதுண்டு. உயிருடன் இருந்தபோது பார்க்கின்சன் என்று முடிவு செய்யப்பட்டவர்களின் மூளையை இறப்புக்குப்பின் ஆய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் சரியாக இருந்திருக்கிறது. இது மருத்துவர்களின் திறமைக்குறை என்று நான் கருதவில்லை. தொடக்கத்தில் பார்க்கின்சனைப் போலவே தோன்றி, பிறகு வேறு பாதையில் செல்லும் நோய்கள் உள்ளன. ஒன்றில் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே நோயாளி பின்பக்கமாகத் திரும்பத் திரும்ப விழுகிறார், கண்களைக் கீழ்நோக்கி அசைக்கச் சிரமப்படுகிறார். மற்றொன்றில் எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் கடுமையாகச் சரிகிறது, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போகிறது. இவ்விரண்டிலும் லெவோடோபா பெரிதாக உதவாது, உதவினாலும் நிலைக்காது. இந்த அடையாளங்கள் முதல் சந்திப்பில் இருக்க வேண்டியதில்லை. அவை வெளிப்படக் காலம் வேண்டும். அதனால்தான் நல்ல மருத்துவர் ஒவ்வொரு வருகையிலும் தம் பழைய முடிவைத் திரும்பவும் சோதிக்கிறார். 40 வயதுக்குட்பட்டவருக்கு இத்தகைய அறிகுறி வந்தால் உடலில் செம்பு சேரும் வில்சன் நோயை முதலில் விலக்கியாக வேண்டும். அது சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும் நோய். எதிர்த்திசைப் பிழையும் நடக்கிறது: தம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் இரு கைகளும் நடுங்குகிற, குடும்பத்தில் பலருக்கும் இருக்கிற சாதாரண நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் என்று பெயரிட்டு, ஆண்டுக்கணக்கில் தேவையற்ற மாத்திரை கொடுப்பது.

இனி, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த வாயு மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முதன்மையாகப் பட்டது அதுதான். நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் நம் நாட்டில் மிகப் பரவலாக எழுதப்படும் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு என்ற மருந்தும் கலந்திருக்கிறது. அது டோபமினின் செயலைத் தடுக்கும் மருந்து. வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடும் அவ்வகையே. தலைச்சுற்றலுக்கான சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்கான புளூனாரிசின், மனநோய்க்கான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் ஆகியவையும் இதே விளைவைத் தரக்கூடும். மாதக்கணக்கில் சாப்பிட்ட முதியவருக்கு அசைவு மந்தமும் விறைப்பும் நடுக்கமும் தோன்றி, பார்க்கின்சன் நோயிலிருந்து பிரித்தறிய முடியாத நிலை உருவாகலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறுகிறார்கள். சிலருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் ஆகிறது. மீட்கக்கூடிய ஒரு நிலையை வாழ்நாள் நோய் என்று முத்திரை குத்துவதைவிட வருந்தத்தக்க பிழை இத்துறையில் குறைவு. ஆகவே மாத்திரை அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் உட்கூறுகளைப் படியுங்கள். லெவோசல்பிரைடு இருந்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இரைப்பை மருந்தை எழுதியவருக்கு நரம்பியல் மருத்துவர் கொடுத்தது தெரியாது. நரம்பியல் மருத்துவருக்கு இரைப்பை மாத்திரை தெரியாது. இருவருக்கும் நடுவில் வீட்டார் மட்டுமே இருக்கிறார்கள். ஒரு பக்கமாக அறிகுறி இருப்பதால் உங்கள் தந்தைக்கு உண்மையான பார்க்கின்சனும் இருக்க வாய்ப்பு உண்டு. மறைந்திருந்த நோயை இம்மாத்திரை முன்கூட்டியே வெளிக்கொணர்ந்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும் அதைத் தொடர்வதில் நன்மை இல்லை.

பரிசோதனைகள் பற்றிய கேள்விக்கு இப்போது விடை சொல்வது எளிது. டோபமின் நரம்பு முனைகள் எவ்வளவு எஞ்சியுள்ளன என்று காட்டும் ஸ்கேன்கள் உண்டு. டிரோடாட் ஸ்பெக்ட், எஃப்-டோபா பெட் ஆகியவை இந்தியாவின் பெருநகரங்களில் எடுக்கப்படுகின்றன. அவை பார்க்கின்சனையும் மருந்தால் வந்த நிலையையும் பிரித்துக் காட்டும், ஏனெனில் மருந்தால் மட்டுமே வந்த நிலையில் அந்த முனைகள் அழியாமல் இருக்கும். ஆனால் பார்க்கின்சனையும் மேலே சொன்ன ஒத்த நோய்களையும் அவற்றால் நன்கு பிரிக்க முடியாது, எல்லாவற்றிலும் இழப்பு தெரியும். ஆகவே எல்லோருக்கும் அவை தேவையில்லை. வாயு மாத்திரையில் அந்த மருந்து இருந்து, நிறுத்திய பிறகும் ஐயம் தீரவில்லை என்றால், உங்கள் தந்தைக்கு அந்தச் செலவு பொருளுள்ளதாகும்.

உருக்குலைந்த ஆல்பா சைனுக்ளினை நேரடியாகக் கண்டறியும் முயற்சியும் முன்னேறியிருக்கிறது. தண்டுவட நீரில் அப்புரதத்தின் சிறு துணுக்கைப் பெருக்கிக் காட்டும் முறையை 1,123 பேரிடம் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 விழுக்காட்டினரிடம் அது நேர்மறையாக வந்தது. ஆனால் எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களில் பலரிடம், குறிப்பாக மோப்பம் கெடாதவர்களிடம், எதிர்மறையாகவே வந்தது. அதாவது ஒரே அறிகுறிகளோடு வரும் எல்லோருக்குள்ளும் ஒரே நோய்தான் நடக்கிறதா என்ற கேள்வியையே அந்தப் பரிசோதனை எழுப்பிவிட்டது. தோல் துணுக்கில் இப்புரதத்தைத் தேடும் முறையும் வந்திருக்கிறது. இவை ஆய்வில் பெரும் பயனுள்ளவை. இங்கே ஒரு நோயாளியின் அன்றாடச் சிகிச்சையை மாற்றும் கட்டத்தை இன்னும் எட்டவில்லை. எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றால் உறுதிசெய்வதாக யாராவது சொன்னால், இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

லெவோடோபா வந்த கதையில் நம் மண்ணின் இரு செடிகளுக்கு இடமுண்டு என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் மருந்து, மூளையின் டோபமின் இருப்பைக் காலிசெய்துவிடும். சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1950களின் இறுதியில் ரெசர்பின் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு டோபமினின் முன்வடிவமான டோபாவை (லெவோடோபா அதன் ஒரு வடிவம்) செலுத்தினார். அவை எழுந்து நடமாடின. 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச்சும் உடனாய்வாளரும் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினர். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ், நோயாளிகளுக்கு டோபாவை வாய்வழியாகக் கொடுத்து, மெல்ல மெல்ல அளவைக் கூட்டிப் பெரும் பலன் கண்டார். இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1937இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்திருந்தனர். அது எந்த நோய்க்கு உதவும் என்பதுதான் அன்று யாருக்கும் தெரியாது.

எனவே பூனைக்காலி குறித்த உங்கள் கேள்வி மூடநம்பிக்கையின் கேள்வி அன்று. அந்த விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. மருந்து வாங்க வழியில்லாதவர்களுக்கு உதவுமா என்று பொலிவியாவில் சோதித்து 2017இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்விலும் வறுத்த விதைப்பொடி பலன் தந்தது. இடர் வேறிடத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்பது பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அதையும் சேர்த்துக்கொண்டால், ஒரே மருந்தை அளவு தெரியாமல் இருமடங்காகச் சாப்பிடுகிறார் என்றே பொருள்; வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, கட்டுப்பாடற்ற அசைவுகள், மனக்குழப்பம் எல்லாம் வரலாம். விலை மலிவான, அளவு துல்லியமான மாத்திரை கையில் இருக்கும்போது பொடிக்குப் போகத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஏற்கெனவே கொடுத்துவருகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அளவைக் கணக்கிட அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை என்பதற்குக் காரணங்கள் பல. முதலாவதாக, ஒரு மாதம் போதாது. குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டுவதே வழக்கம். தொடக்க நிலையில் மருந்தின் முழுப் பலனும் படிப்படியாகச் சேர்கிறது. மருந்து பயனற்றது என்று முடிவுகட்டும் முன் நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்குக் குறையாமல், சிலருக்கு 1,000 மில்லிகிராம் வரை, போதிய காலம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் குடலில் இருக்கிறது. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். உணவுப் புரதம் செரிந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் ஒரே வாசல் வழியாகவே நுழைய வேண்டும். கூட்டம் அதிகமானால் மருந்து வெளியே நின்றுவிடும். பால், முட்டை, கறி, கெட்டிப் பருப்பு ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கிய மாத்திரை சிலருக்கு ஏறத்தாழ வீணாகிறது. உணவுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ சாப்பிடுவது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. மெலிந்துவரும் முதியவருக்கு அது பெருங்கேடு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலச்சிக்கலும் மந்தமான இரைப்பையும் இந்நோயின் பகுதிகள். இரைப்பை காலியாகத் தாமதமானால் மாத்திரை குடலுக்குச் சேரவே தாமதமாகும், ஏனெனில் அது உறிஞ்சப்படுவது சிறுகுடலில்.

இன்னொன்றையும் அட்டையில் பாருங்கள். மருந்து மூளைக்குப் போகும் முன் உடலிலேயே டோபமினாக மாறி வீணாகாமல் தடுக்கக் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் அளவிலாவது அது உள்ளே போக வேண்டும். 100 மில்லிகிராம் லெவோடோபாவோடு 10 மில்லிகிராம் கார்பிடோபா உள்ள மாத்திரையும் உண்டு, 25 மில்லிகிராம் உள்ள மாத்திரையும் உண்டு. தொடக்கத்தில் மூன்று வேளை மட்டும் சாப்பிடுபவருக்கு முதல் வகையில் கார்பிடோபா போதாமல், குமட்டல் கூடிப் பலன் குறையலாம். கடைக்காரர் இருப்பில் உள்ளதை மாற்றித் தந்துவிடுவது அரிதன்று.

மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் அதன் சக்தி தீர்ந்துவிடும் என்ற அச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதனால் பல முதியவர்கள் தேவையின்றி ஆண்டுக்கணக்கில் துன்பப்படுகிறார்கள். சில ஆண்டுகள் நன்றாக வேலை செய்த பின், ஒவ்வொரு வேளை மருந்தும் அடுத்த வேளைக்குள் தேய்ந்துபோவதும், உச்சத்தில் இருக்கும்போது உடல் தானாக நெளிவதும் பலருக்கு வருகின்றன. மருந்து சாப்பிட்ட ஆண்டுகளே காரணம் என்று ஒருகாலத்தில் மருத்துவர்களும் எண்ணினர். கானாவில் மருந்து எளிதில் கிடைக்காததால் தாமதமாகத் தொடங்கிய நோயாளிகளை இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. நோய் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், இந்தச் சிக்கல்கள் இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் வந்தன. தாமதித்தவர்கள் பெற்ற நன்மை எதுவுமில்லை. நன்றாக இயங்கியிருக்கக்கூடிய ஆண்டுகளை இழந்ததே மிச்சம். நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வும், முன்கூட்டித் தொடங்கியதால் தீங்கில்லை என்றது. நோயின் ஓட்டத்தை அது மெதுவாக்கவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே அன்றாட வேலை கெடத் தொடங்கினால் மருந்தைத் தொடங்குவதே சரி. உங்கள் தந்தைக்கு எழுதுவதும் சட்டைப் பொத்தான் போடுவதும் கடினமாகியிருந்தால் மருத்துவர் செய்தது முறையானதே.

சிக்கல்கள் ஏன் வருகின்றன என்றால், லெவோடோபா இரத்தத்தில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. தொடக்கத்தில் எஞ்சியுள்ள அணுக்கள் அதைச் சேமித்துச் சீராக வெளிவிடுகின்றன. அவை குறையக் குறைய மூளை ஒவ்வொரு மாத்திரையின் ஏற்ற இறக்கத்தையும் அப்படியே உணர்கிறது. அப்போது சிறு அளவாகப் பலமுறை கொடுப்பார்கள், சிதைவைத் தடுக்கும் என்டகபோன் அல்லது ராசாஜிலின் சேர்ப்பார்கள், நெளிவுக்கு அமான்டடின் தருவார்கள். டோபமினைப் போலவே செயல்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகிய மருந்துகள் நீண்ட நேரம் நிற்பவை. ஆனால் சிலருக்கு அவை சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, பாலுணர்வு வேகம் ஆகியவற்றைத் தூண்டுகின்றன. வாழ்நாளெல்லாம் சிக்கனமாக இருந்தவர் திடீரென்று கடன் வாங்கத் தொடங்கினால் அது குணக்கேடு அன்று, மருந்தின் விளைவு. வெட்கத்தால் மறைக்கப்படும் இதைக் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருந்தால் பெரும் இழப்பு தவிரும். நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில், முதியவர்களின் நினைவாற்றலைக் கெடுத்து, சிறுநீர் அடைப்பையும் குழப்பத்தையும் தரும். 63 வயதில் அதைத் தவிர்ப்பதே நலம்.

மாத்திரைக்குக் கட்டுப்படாத ஏற்ற இறக்கத்துக்கு மூளைக்குள் மின்முனை பதிக்கும் சிகிச்சை 1980களின் இறுதியில் பிரான்சின் கிரெனோபிளில் பெனபிட் குழுவினரால் வளர்க்கப்பட்டது, இந்தியாவிலும் நடக்கிறது. லெவோடோபாவுக்கு எந்த அறிகுறி குறைகிறதோ பெரும்பாலும் அதற்குத்தான் அதுவும் உதவும். உங்கள் தந்தை இப்போது அதைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. நோயை நிறுத்தும் மருந்து இன்றுவரை எதுவும் இல்லை. ஆல்பா சைனுக்ளினுக்கு எதிரான சில மருந்துகள் எதிர்பார்த்த பலன் தரவில்லை. கியோட்டோவில் ஏழு நோயாளிகளின் மூளையில் குருத்தணுவிலிருந்து (ஸ்டெம் செல்) வளர்த்த அணுக்களைப் பதித்த முடிவுகள் 2025இல் வெளியாயின; பாதுகாப்பு குறித்து நம்பிக்கை தந்தாலும் அது தொடக்கமே. இதைக் காட்டிக் குருத்தணுச் சிகிச்சை என்று விளம்பரம் செய்து இலட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் அதிகம் கேட்காத ஒன்று உடற்பயிற்சி. 128 பேரிடம் ஆறு மாதம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வாரம் நான்கு நாள் மூச்சு வாங்கும் அளவுக்கு டிரெட்மில்லில் நடந்தவர்களின் அசைவு மதிப்பெண் ஏறத்தாழ அப்படியே நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுடையது மோசமானது. இதய மருத்துவரின் ஒப்புதலோடு வேக நடையைத் தொடங்கச் சொல்லுங்கள். பிசியோதெரபியை விழுந்து அடிபட்ட பிறகு அன்று, இப்போதே தொடங்க வேண்டும். சோர்வு, உறக்கக் கேடு, மனச்சோர்வு, மலச்சிக்கல் ஆகியவை கைவிறைப்பைவிட வாழ்வைக் கெடுப்பவை என்று நோயாளிகள் பலர் சொல்கிறார்கள். அவற்றுக்கும் தனித்தனியே சிகிச்சை உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

கடைசியாக, எப்போதாவது அவர் வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தால் மறக்கக்கூடாதவை சில. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வார்டு நேரப்படி அன்று, அவருடைய நேரப்படி கொடுக்க வேண்டும். பிரிட்டனின் மருத்துவத் தர வழிகாட்டுதல் குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது என்கிறது. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடும், இரவுக் குழப்பத்துக்கு ஹாலோபெரிடாலும் போடக்கூடாது என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மருந்துச் சீட்டோடு இணைத்துவையுங்கள். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். மருந்து சாப்பிடும் முன்பும் ஒரு மணி நேரம் கழித்தும் அவர் நடப்பதையும் விரல் தட்டுவதையும் கைபேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். ஒரு வாரத்துக்கு எப்போது சாப்பிட்டார், எப்போது மருந்து எடுத்தார், எப்போது கை இலகுவானது, எப்போது திரும்ப இறுகியது என்று குறித்துச் செல்லுங்கள். வாயு மாத்திரை பற்றி மட்டும் அந்தச் சந்திப்பு வரை காத்திராமல் இந்த வாரமே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.